மின்ட் போடப் போனால் வட்டு முழுக்க "ஒதுக்கப்படாத இடம்" என்கிறது, விண்டோஸ் மட்டும் ஜம்மென்று ஓடுகிறது

அச்சகத்தம்பி · ஞாயிறு, காலை 9:40

வணக்கம். சின்ன ஊரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் பழைய லேப்டாப் ஒன்று. 8 ஜிபி ராம், மெஷினைத் துவக்கி வைக்கும் மென்பொருள் பழைய பயாஸ் வகை, புது யூஇஎஃப்ஐ எல்லாம் கிடையாது. விண்டோஸ் 7 இருந்து 10-க்கு ஏறியது. கூடவே உபுண்டு 16.04-உம் இருந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, 11 இந்த மெஷினில் ஏறாது. அதனால் லினக்ஸ் மின்ட் 22 போட்டு, விண்டோஸை அச்சு மென்பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பென் டிரைவில் மின்ட் லைவ் (நிறுவாமலே ஓடும் பதிப்பு) ஏற்றி இன்ஸ்டாலருக்குப் போனால், 480 ஜிபி எஸ்எஸ்டி முழுவதையும் வெறும் காலி இடம் என்று காட்டுகிறது. வட்டைப் பிரிக்கும் கருவியான ஜிபார்ட்டடும் அதையேதான் சொல்கிறது, ஒரே சாம்பல் பட்டை. ஆனால் விண்டோஸில் சி, டி இரண்டும் திறக்கின்றன. டி-யில் ஆறு வருடக் கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் இருக்கின்றன. கை நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

சுடச்சுட · ஞாயிறு, காலை 9:52

காலி இடம்னு காட்டினா காலி இடம்தான் நண்பா. "வட்டை அழித்து நிறுவு" கொடுத்துட்டுப் போங்க, அஞ்சு நிமிஷ வேலை.

பழையவட்டு · ஞாயிறு, காலை 10:05

தம்பி, முதலில் அந்த இன்ஸ்டாலரை மூடுங்கள். மேலே உள்ள யோசனையைக் கேட்டால் ஆறு வருடப் பத்திரிகையும் போய்விடும்.

விண்டோஸ் துவங்குகிறது, டி டிரைவ் திறக்கிறது என்றால் உங்கள் தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜிபார்ட்டடுக்குப் பின்னால் இருக்கும் லிப்பார்ட்டட் நூலகம் ஒரு முரட்டுப் பேர்வழி. பார்ட்டிஷன் அட்டவணையில், அதாவது வட்டின் எந்தப் பகுதி எங்கே துவங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியலில், ஒரே ஒரு வரி பொருந்தாவிட்டாலும் மொத்த அட்டவணையையும் ஏற்க மாட்டேன் என்று தூக்கிப் போட்டுவிடும். அப்போது திரையில் வட்டு முழுக்கக் காலி என்றுதான் தெரியும். பத்திரத்தில் ஒரு எல்லை தவறு என்பதற்காக ஊரில் யாருக்குமே நிலம் இல்லை என்று சர்வேயர் எழுதிக் கொடுத்த கதை.

இப்படி வர மூன்று நான்கு காரணங்கள் உண்டு. அட்டவணை எழுதும் முறை இரண்டு, பழைய எம்பிஆர், புதிய ஜிபிடி; ஒரு காலத்தில் ஜிபிடி ஆக இருந்த வட்டை எம்பிஆர் ஆக்கியபோது பழைய ஜிபிடி தலைப்பு ஒட்டிக்கொண்டு நிற்கலாம். இரண்டு பார்ட்டிஷன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். விண்டோஸில் ஐந்தாவது பார்ட்டிஷன் போடப் போய், அது கேட்ட எச்சரிக்கைக்கு "ஆம்" கொடுத்து டைனமிக் வட்டாக மாறியிருக்கலாம். அல்லது ஏதாவது ஒரு பார்ட்டிஷன் வட்டின் கடைசியைத் தாண்டிப் போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, ஊகத்தில் எதையும் தொட முடியாது.

லைவ் மின்டில் டெர்மினல் திறந்து மூன்று விஷயங்களை எடுத்துப் போடுங்கள்: எஃப்டிஸ்க் தரும் பட்டியல், பார்ட்டட் சொல்லும் பிழைச் செய்தி, டிமெஸ்ஜி என்ற கர்னல் பதிவில் எஸ்டிஏ (லினக்ஸ் முதல் வட்டுக்கு வைக்கும் பெயர்) என்று வரும் வரிகள். இவை எல்லாம் படிக்க மட்டும்தான், வட்டில் எதையும் எழுதாது.

அப்புறம் ஒரு கேள்வி. இந்த எஸ்எஸ்டி வாங்கும்போதே லேப்டாப்பில் இருந்ததா?

அச்சகத்தம்பி · ஞாயிறு, பகல் 12:20

இல்லை அண்ணே. முதலில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்தான். மெதுவாக இருக்கிறது என்று போன வருடம் ஒரு கடையில் கொடுத்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். "அப்படியே நகல் எடுத்துத் தர்றேன், ஒண்ணும் மாறாது" என்றார்கள். உண்மையாகவே விண்டோஸில் ஒன்றும் மாறவில்லை. உபுண்டு மட்டும் அன்றிலிருந்து துவங்கவில்லை. மெனு வரும், உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் இனிட்ராம்எஃப்எஸ் என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். பழசுதானே என்று விட்டுவிட்டேன்.

லைவில் இணையம் வரவில்லை. திரையைப் பார்த்துப் பார்த்து செல்போனில் தமிழிலேயே தட்டியிருக்கிறேன், எண்களை மூன்று முறை சரிபார்த்தேன்:

வட்டு எஸ்டிஏ: மொத்தம் 937703088 செக்டர், ஒரு செக்டர் 512 பைட், அட்டவணை வகை டாஸ்
எஸ்டிஏ1: துவக்கம் 2048, முடிவு 206847, என்டிஎஃப்எஸ், பூட் குறி உண்டு
எஸ்டிஏ2: துவக்கம் 206848, முடிவு 205006847, என்டிஎஃப்எஸ்
எஸ்டிஏ3: துவக்கம் 205006848, முடிவு 614606847, என்டிஎஃப்எஸ்
எஸ்டிஏ4: துவக்கம் 614608894, முடிவு 976771071, எக்ஸ்டெண்டட்
எஸ்டிஏ5: துவக்கம் 614608896, முடிவு 959991807, லினக்ஸ்

பார்ட்டட் சொன்னது: "கான்ட் ஹாவ் எ பார்ட்டிஷன் அவுட்சைட் த டிஸ்க்!" (வட்டுக்கு வெளியே பார்ட்டிஷன் இருக்க முடியாது)

டிமெஸ்ஜியில்: எஸ்டிஏ, பி5-இன் அளவு வட்டின் முடிவைத் தாண்டுகிறது, வெட்டப்பட்டது என்று ஒரு வரி. எஃப்டிஸ்க்கும் எக்ஸ்டெண்டட் அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்று மேலே சிவப்பில் ஏதோ சொன்னது.

பழையவட்டு · ஞாயிறு, பகல் 12:58

கிடைத்துவிட்டது. எண்களைப் பார்த்தாலே கதை முழுக்கத் தெரிகிறது.

500 ஜிபி வட்டில் 976773168 செக்டர்கள் இருக்கும். உங்கள் 480 ஜிபி எஸ்எஸ்டியில் 937703088 மட்டும்தான். வித்தியாசம் 39070080 செக்டர், அதாவது 20 ஜிபி. உங்கள் எஸ்டிஏ4 முடியும் இடம் 976771071. அந்த எண்ணில் ஒரு செக்டரே இந்த எஸ்எஸ்டியில் கிடையாது. பத்திரத்தில் ஐந்து சென்ட், தரையில் நாலே முக்கால் சென்ட்.

கடைக்காரர் எதை வைத்து நகல் எடுத்தாரோ, தலையிலிருந்து செக்டர் செக்டராக எழுதிக்கொண்டே போய், இடம் தீர்ந்ததும் நின்றிருக்கிறது. எம்பிஆர் அட்டவணை வட்டின் முதல் செக்டரிலேயே இருப்பதால் அது பழைய அளவோடு அப்படியே வந்துவிட்டது. சி, டி இரண்டும் வட்டின் முன்பகுதியில் இருந்ததால் முழுசாக வந்தன. வால் பக்கம் இருந்த உபுண்டு மட்டும் வெட்டுப்பட்டது: 22288720 செக்டர், சுமார் 11.4 ஜிபி. வட்டின் கடைசியில் என்டிஎஃப்எஸ் டிரைவ் இருந்திருந்தால் இந்த வெட்டு அதற்கு விழுந்திருக்கும். உங்கள் நல்ல நேரம்.

இன்னொன்று. உபுண்டு 16.04 காலத்து இன்ஸ்டாலர் தானாகவே ஸ்வாப் பார்ட்டிஷன் (ராம் போதாதபோது உதவும் இடம்) ஒன்று போடும். உங்கள் பட்டியலில் எஸ்டிஏ6 இல்லை. எஸ்டிஏ5 முடிகிற இடத்துக்கும் எஸ்டிஏ4 முடிகிற இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 8 ஜிபி இருக்கிறது, உங்கள் ராம் அளவு. அங்கேதான் ஸ்வாப் இருந்தது. எக்ஸ்டெண்டட் என்பது பல பார்ட்டிஷன்களை உள்ளே வைக்கும் உறை; அதற்குள் இருக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் சங்கிலி மாதிரி: ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குட்டி அட்டவணை, அதில் அடுத்தது எங்கே என்ற குறிப்பு. எஸ்டிஏ5-இன் குட்டி அட்டவணை "அடுத்தது அங்கே" என்று கை காட்டுகிறது, அங்கே போனால் வட்டே இல்லை. எஃப்டிஸ்க் புலம்பியது அதற்குத்தான்.

கடைசிக் கேள்வி, இதுதான் முக்கியம்: பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் எங்கே?

அச்சகத்தம்பி · ஞாயிறு, பகல் 1:15

மேசை டிராயரில் இருக்கிறது அண்ணே! திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உபுண்டுவில் ஸ்கிரைபஸ் கோப்புகள் கொஞ்சம், அப்புறம் பழைய பாமினி, டேப் எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற நானே எழுதி வைத்த சின்ன ஸ்கிரிப்ட். அது போனதாகவே நினைத்திருந்தேன். இப்போதே யூஎஸ்பி கேஸில் போட்டு விண்டோஸில் செருகிப் பார்க்கட்டுமா?

யாழ்க்கணினி · ஞாயிறு, பகல் 1:21

விண்டோசிலை செருகாதேங்கோ! எனக்கு உப்பிடித்தான் நடந்தது. நகலும் அசலும் ஒரே வட்டுக் கையொப்பத்தோடை (வட்டின்ரை அடையாள எண்) இருக்கும். ரெண்டும் ஒண்டா மாட்டினால் விண்டோஸ் ஒண்டை "ஆஃப்லைன்" எண்டு ஒதுக்கி வைக்கும். அட, ஏன் வேலை செய்யேல்லை எண்டு "ஆன்லைன்" குடுத்தால், அந்த வட்டிலை புதுக் கையொப்பத்தை எழுதிப்போடும். நான் குடுத்தனான். பிறகு அந்த வட்டிலை இருந்து விண்டோஸ் எழும்பவே இல்லை.

பழையவட்டு · ஞாயிறு, பகல் 1:40

யாழ் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. லைவ் மின்டில் மட்டும் மாட்டுங்கள். அங்கேயும் ஒரு சங்கடம் உண்டு, இரண்டு வட்டின் பார்ட்டிஷன்களுக்கும் யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) ஒன்றே. கோப்பு மேலாளரில் கிளிக் செய்தால் எதைத் திறக்கிறது என்று நமக்கே குழப்பம் வரும். டெர்மினலில் பெயர் சொல்லியே மவுன்ட் செய்யுங்கள்: பழைய வட்டு எஸ்டிபி ஆக வந்தால் எஸ்டிபி5. படிக்க மட்டும் என்ற விருப்பத்தோடு நோலோட் என்பதையும் சேருங்கள். படிக்க மட்டும் என்றாலும் உபுண்டுவின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 தன் ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேட்டை) ஒருமுறை ஓட்டிப் பார்க்கும், நோலோட் இருந்தால் அதுவும் நடக்காது. அசலில் ஒரு பைட்கூட மாறக்கூடாது, நம்மிடம் இருக்கும் ஒரே முழுப் பிரதி அது.

ஹோம் அடைவை வேறு பென் டிரைவுக்கு எடுங்கள். டி டிரைவையும் தனியாக ஒரு காப்பு எடுங்கள். ஆறு வருட வேலையை ஒரே எஸ்எஸ்டியில் வைத்திருப்பது பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்.

அச்சகத்தம்பி · ஞாயிறு, இரவு 8:30

ஸ்கிரிப்ட் கிடைத்துவிட்டது!! ஸ்கிரைபஸ் கோப்புகளும் எல்லாமே. டி டிரைவ் வெளி வட்டுக்கு நகலாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் 40 நிமிடம் என்கிறது.

ஆர்வக்கோளாறில் எஸ்எஸ்டியின் எஸ்டிஏ5-ஐயும் மவுன்ட் செய்து பார்த்தேன். மறுத்துவிட்டது. டிமெஸ்ஜியில்: பேட் ஜியாமெட்ரி, பிளாக் எண்ணிக்கை 43172864, சாதனத்தின் அளவு 40386774 பிளாக்.

மதுரைமல்லி · ஞாயிறு, இரவு 8:47

அந்த இரண்டு எண்ணையும் கழித்து எட்டால் (ஒரு பிளாக் எட்டு செக்டர்) பெருக்கினால் மேலே சொன்ன அதே 22288720 செக்டர் வருகிறது. (கல்லூரி லேபில் மாணவர்களுக்கு இதைக் கணக்காகவே கொடுக்கலாம் போல.)

ஒரு சந்தேகம். எஸ்டிஏ4 ஏன் 614608894 என்று அரைகுறை எண்ணில் துவங்குகிறது? மற்றவை எல்லாம் 2048-ஆல் வகுபடுகின்றன.

பழையவட்டு · ஞாயிறு, இரவு 9:02

அந்தக் கால உபுண்டு இன்ஸ்டாலரின் பழக்கம் அம்மா. எக்ஸ்டெண்டட் என்பது வெறும் உறை, அது எங்கே துவங்கினாலும் வேகம் குறையாது. உள்ளே இருக்கும் எஸ்டிஏ5 சரியான எல்லையில் இருந்தால் போதும் என்று இரண்டு செக்டர் முன்னால் உறையைப் போட்டுவிடும். பிழை இல்லை.

தம்பி, இனி வைத்தியம். காப்பு முடிந்த பிறகுதான், சரியா?

அட்டவணையைப் படித்து எழுதும் கருவியான எஸ்எஃப்டிஸ்க்கின் டம்ப் வசதியால் இப்போதைய அட்டவணையை ஒரு உரைக்கோப்பாகப் பென் டிரைவில் சேமியுங்கள். அதற்கு இன்னொரு நகல் எடுத்து நகலில் மட்டும் திருத்துங்கள். ஏதாவது சொதப்பினால் முதல் கோப்பைத் திரும்ப ஊட்டினால் பழைய நிலை வந்துவிடும்.

திருத்த வேண்டியது இரண்டே எண். எஸ்எஸ்டியில் 2048-ஆல் வகுபடும் கடைசி எல்லை 937701376. அங்கே நிறுத்தினால்:

எஸ்டிஏ4-இன் அளவு 323092482
எஸ்டிஏ5-இன் அளவு 323092480

துவக்க எண்களைத் தொடவே வேண்டாம். எஸ்டிஏ1, 2, 3 வரிகளின் பக்கமே போக வேண்டாம். பிறகு அந்தத் திருத்திய கோப்பை எஸ்எஃப்டிஸ்க்குக்கு உள்ளீடாகக் கொடுங்கள்.

மதுரைமல்லி · ஞாயிறு, இரவு 9:10

ஐயா, ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். டம்ப் கோப்பின் மேலே லேபிள்-ஐடி என்று ஒரு வரி இருக்கும். அதை அழித்துவிடக் கூடாது. விண்டோஸ் தன் துவக்கப் பதிவில் வட்டை அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் எஸ்எஃப்டிஸ்க் தானே புதிதாக ஒன்று போட்டுவிடும், அப்புறம் நீலத்திரை. யாழ் நண்பருக்கு வந்ததும் இதே வியாதிதான்.

பழையவட்டு · ஞாயிறு, இரவு 9:13

ஆமாம், அதை நான் சொல்லியிருக்க வேண்டும். நன்றி.

சுடச்சுட · ஞாயிறு, இரவு 9:30

இவ்வளவு தலைசுத்தல் எதுக்கு? காப்புதான் எடுத்தாச்சே. இப்பவாவது மொத்தமா அழிச்சு ஜிபிடி ஆக்கி ரெண்டையும் புதுசா போடலாமே. இல்லன்னா விண்டோஸ்லயே எம்பிஆர்2ஜிபிடி இருக்கு, தரவு போகாம மாத்திடும்.

பழையவட்டு · ஞாயிறு, இரவு 9:44

அந்தக் கருவிக்கு வட்டில் அதிகபட்சம் மூன்று பிரைமரி (உறைக்கு வெளியே நேராக இருக்கும் பார்ட்டிஷன்) இருக்கலாம், எக்ஸ்டெண்டட் இருக்கவே கூடாது. இவரிடம் பிரைமரி மூன்றுதான், ஆனால் எக்ஸ்டெண்டட் இடிக்கிறது. மாற்றினாலும், யூஇஎஃப்ஐ இல்லாத மெஷினில் விண்டோஸ் ஜிபிடி வட்டிலிருந்து துவங்காது. ஜிபிடி அருமையான ஏற்பாடுதான். 128 பார்ட்டிஷன், வட்டின் கடைசியில் அட்டவணைக்கு ஒரு நகல், எல்லாம் சரி. இந்த லேப்டாப்புக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

புதிதாகப் போடுவது பற்றி: டிடிபி கடையில் பிரின்டர் டிரைவர், பழைய எழுத்துரு, கீபோர்டு மென்பொருள் எல்லாம் மறுபடி நிறுவிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் ஐந்து நிமிட வேலை என்று சொல்ல மாட்டீர்கள்.

அச்சகத்தம்பி · திங்கள், காலை 7:15

செய்துவிட்டேன்! லேபிள்-ஐடி பத்திரம். ஜிபார்ட்டட் திறந்தால் ஐந்து பட்டையும் கலர் கலராக வந்து நிற்கின்றன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எஸ்டிஏ5 எப்படியும் குப்பைதானே என்று அங்கேயே அழித்துவிட்டேன். கடை திறக்க நேரமாகிவிட்டதால் மின்டை ராத்திரி போட்டுக்கொள்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

பழையவட்டு · திங்கள், காலை 7:31

தம்பி, எஸ்டிஏ5-ஐ அழித்தபின் லேப்டாப்பை அணைத்துவிட்டீர்களா? அணைக்காவிட்டால் அப்படியே மின்டைப் போட்டு முடித்துவிடுங்கள்.

அச்சகத்தம்பி · திங்கள், காலை 9:05

அணைத்துவிட்டேன் அண்ணே. இப்போது விண்டோஸும் வரவில்லை. "நோ சச் பார்ட்டிஷன்", கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்று ஒரு கோடு மின்னுகிறது. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு 300 பத்திரிகை, ஆள் வந்து எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பழையவட்டு · திங்கள், காலை 9:11

தப்பு என்னுடையது. அதனால்தான் எஸ்டிஏ5-ஐ அழிக்கச் சொல்லாமல் அளவை மட்டும் குறைக்கச் சொன்னேன், ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டேன். வட்டின் தலையில் உட்கார்ந்திருப்பது, துவக்க மெனுவைக் காட்டும் நிரலான கிரப்பின் முதல் துண்டு மட்டும். மெனு, மாட்யூல்கள் எல்லாம் எஸ்டிஏ5-க்குள் இருந்தன. வால் வெட்டுப்பட்டாலும் தலைப்பகுதி இருந்ததால் இத்தனை நாள் மெனு வந்தது. இப்போது அந்த வீடே இல்லை.

பயப்பட வேண்டாம், விண்டோஸ் அப்படியே இருக்கிறது. விண்டோஸ் 10 நிறுவும் பென் டிரைவ் ஏதாவது இருக்கிறதா? அதில் துவக்கி, "நிறுவு" என்பதைத் தொடாமல் கீழே உள்ள "ரிப்பேர்" வழியாக கமாண்ட் பிராம்ப்டுக்குப் போங்கள். பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் விருப்பத்தோடு ஓட்டுங்கள். அது துவக்க நிரலை மட்டும் மாற்றும், பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது. எஸ்டிஏ1-இல் பூட் குறி இருப்பதால் நேராக விண்டோஸ் வந்துவிடும்.

மதுரைமல்லி · திங்கள், காலை 9:14

பென் டிரைவ் இல்லாவிட்டால் மின்ட் லைவிலிருந்தே செய்யலாம், ஆனால் வட்டின் முதல் செக்டரில் 440 பைட் மட்டும்தான் எழுத வேண்டும். 512 என்று கொடுத்தால் வட்டுக் கையொப்பமும் 64 பைட் அட்டவணையும் சேர்ந்து போய்விடும். அவசரத்தில் இருக்கிறீர்கள், அதனால் பூட்ரெக் வழியே நல்லது.

அச்சகத்தம்பி · திங்கள், காலை 9:48

விண்டோஸ் வந்துவிட்டது. பத்திரிகை ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருந்தவர் "என்ன தம்பி கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா" என்றார், "இல்லண்ணே, பாகப் பிரிவினையில சின்னத் தகராறு" என்றேன்.

யாழ்க்கணினி · திங்கள், காலை 10:20

😄 இண்டைக்கு இரவு மின்ட் போடேக்கை "வேறு ஏதாவது" எண்ட தெரிவுக்குப் போங்கோ. எக்ஸ்டெண்டடுக்குள்ளை இருக்கிற வெற்றிடத்திலை ஒரு இஎக்ஸ்டி4 மட்டும் போதும். ஸ்வாப் பார்ட்டிஷன் இப்ப தேவையில்லை, கோப்பாவே வைச்சுக்கொள்ளும். பூட்லோடர் எஸ்டிஏக்கு, எஸ்டிஏ5-க்கு இல்லை. பழைய டிஸ்கைக் கழட்டிப்போட்டுச் செய்யுங்கோ.

அச்சகத்தம்பி · செவ்வாய், காலை 6:50

மின்ட் ஏறிவிட்டது. மெனுவில் இரண்டும் வருகின்றன, இரண்டும் துவங்குகின்றன. ஒரே ஒரு குறை: மின்டிலிருந்து டி டிரைவைத் திறக்க முடிகிறது, ஆனால் கோப்பைச் சேமிக்க முடியவில்லை, படிக்க மட்டும்தான் விடுகிறது. மறுபடி ஏதாவது வெட்டுப்பட்டதா?

பழையவட்டு · செவ்வாய், காலை 7:05

இல்லை, இது வேறு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் அது பாதித் தூக்கத்தில் படுக்கிறது, டி டிரைவைப் பூட்டிக்கொண்டே. விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜியில் ஹைபர்நேட்டை ஆஃப் செய்யுங்கள், பிறகு ஒருமுறை முழுசாக அணையுங்கள். சில இடங்களில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஓட்டச் சொல்வார்கள். அது சில அடிப்படைப் பிழைகளை மட்டும் சரிசெய்து, ஜர்னலை மீட்டமைத்துவிட்டுப் போகிற கருவி, விண்டோஸின் செக்டிஸ்க்குக்கு மாற்று ஆகாது. தூங்குகிற விண்டோஸின் மேல் அதை ஓட்டாதீர்கள்.

அச்சகத்தம்பி · செவ்வாய், காலை 7:40

சரியாகிவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்க்கை இனி அழித்து வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமா?

பழையவட்டு · செவ்வாய், காலை 7:44

ஒரு மாதம் டிராயரிலேயே கிடக்கட்டும். மேலே "அசல், தொடாதே" என்று ஒரு ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டுங்கள், உங்களுக்குத்தான் அது சுலபமாயிற்றே.

சுடச்சுட · செவ்வாய், காலை 8:30

சரி, ஒத்துக்கிறேன். என் தம்பி லேப்டாப்பும் போன மாசம்தான் 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல இருந்து 960 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாத்தினோம். எஃப்டிஸ்க் பட்டியல் எடுத்துட்டு வரேன், இங்கயே போடலாமா?

பழையவட்டு · செவ்வாய், காலை 8:36

புது இழை தொடங்குங்கள். அதுவரை அவர் இன்ஸ்டாலர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.